கஞ்சா வாந்திக்குக் கேப்சைசின் கிரீம்: எந்த டியூப், எவ்வளவு, எதுவரை?

வருடக்கணக்காகத் தினமும் கஞ்சா இழுப்பவர்களுக்கு வரும் வாந்தி தனி ரகம். விடியற்காலைக் குமட்டலில் தொடங்கி மணிக்கணக்கில் ஓங்கரிக்கும். வெந்நீரில் நின்றால்தான் சற்று அடங்கும். சென்னை அக்னி நட்சத்திரத்திலும் ஒருவர் கீசரைப் போட்டுக்கொண்டு பாத்ரூமே கதியென்று கிடந்தால் சந்தேகப்படலாம். 2004-இல் தெற்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தபோதும் இந்த வெந்நீர்க் குளியல்தான் துப்புக் கொடுத்தது.

கேப்சைசின் என்பது மிளகாயின் காரச்சத்து. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியை (நரம்பு முனையில் உள்ள உணர்வியை) இதுவும் தூண்டுகிறது; வெந்நீர் தரும் ஆசுவாசத்தை இதுவும் தரலாம் என்பதுதான் கணக்கு. 2020-இல் வந்த 30 பேர் கொண்ட சிறு ஆய்வில், 0.1% கிரீம் தடவியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் குமட்டல் குறைந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் கேட்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் மூட்டுவலி ஜெல்லை நீட்டுவார்கள். அதில் டைக்ளோஃபினாக், மென்தால் எல்லாம் கலந்திருக்கும். இதற்கு அது சரிவராது. கேப்சைசின் மட்டும் உள்ள 0.075% டியூப் கிடைத்தால் நல்லது. 0.025% கொஞ்சம் மந்தம்.

கையுறை போட்டு, தொப்புளைச் சுற்றி வயிறு முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். ஒரு தடவைக்கு 2 கிராம் போதும். ஒரு நாளில் மூன்று முறை. சொறிந்த தோலில் கூடவே கூடாது. தடவிய உடனே வெந்நீரில் குளிப்பதுதான் பலர் செய்யும் தப்பு: எரிச்சல் பல மடங்காகும். எரிச்சல் தாங்காவிட்டால் தண்ணீரை ஊற்றாமல் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட வேண்டும். கிரீம் பட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது என்று, பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைக் கசக்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

உடம்பில் வற்றிய நீரை கிரீம் ஈடுகட்டாது. 200 மில்லி தண்ணீருக்கு உள்ளதா, 1 லிட்டருக்கு உள்ளதா என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பார்த்துக் கரைத்து, ஒவ்வொரு மடக்காகக் கொடுக்கலாம். அதுவும் தங்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால் 108 தான். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். டாக்டரிடம் கஞ்சாவை மறைத்தால் எண்டோஸ்கோபி, ஸ்கேன் என்று வீண் அலைச்சல். வாந்திக்கு வழக்கமாகப் போடும் ஓண்டான்செட்ரான் ஊசி இதில் பலருக்குக் கேட்பதில்லை என்பதால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கிரீமுக்கு மதிப்பெண் போட்டால் 5-க்கு 3. ஒரு ராத்திரியை ஓட்ட உதவும், அவ்வளவுதான். குமட்டலுக்கு மருந்தென்று மறுபடி இழுத்தால் வாந்தி திரும்பும். பழக்கத்தைக் கைவிட உதவி தேவைப்பட்டால் 14446, கட்டணமில்லை.