மிளகாய் ஜெல்லி டிப்புக்கு பிலடெல்பியா: வெள்ளித்தாள் கட்டியை எடுங்கள், டப்பாவை விடுங்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கிறிஸ்துமஸ் காலத்து விருந்து மேசையில் தவறாமல் வந்து உட்காரும் தட்டு ஒன்று உண்டு. முழு க்ரீம் சீஸ் கட்டி, அதன் தலையில் குடமிளகாயும் ஹலப்பீனோ என்ற பச்சை மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய ஜெல்லி, சுற்றிலும் க்ராக்கர் எனும் உப்பு பிஸ்கட். அவ்வளவுதான், அடுப்பே வேண்டாம். இனிப்பு, காரம், புளிப்பு, உப்பு நான்கும் ஒரே வாய்க்குள் கிடைத்துவிடும். பொருட்கள் இவ்வளவு குறைவு என்பதால் எது மட்டமாக இருந்தாலும் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும், குறிப்பாகச் சீஸை. இந்த ஒரு வேலைக்கு பிலடெல்பியா என்ற க்ரீம் சீஸ் பிராண்டின் வகைகளில் எது தேறுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. சீஸ்கேக்குக்கும் பேகலுக்கும் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

பெயர்தான் பிலடெல்பியா. சீஸ் பிறந்தது நியூயார்க் மாநிலத்துச் செஸ்டரில், 1872-ல், வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பொருள் தயாரிப்பாளரின் கையில். நல்ல பால்பொருட்களுக்கு அப்போது பிலடெல்பியா பேர்போன ஊராக இருந்ததால், 1880-ல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். இன்று அமெரிக்காவில் இதை விற்பது கிராஃப்ட் ஹைன்ஸ். 8 அவுன்ஸ், அதாவது 226 கிராம் கட்டியாக, வெள்ளித்தாள் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வரும். உள்ளே இருப்பது பால், க்ரீம், உப்பு, கேரப் விதைப் பிசின், சீஸ் கல்ச்சர் (பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்).

அமெரிக்க உணவு விதிப்படி க்ரீம் சீஸ் என்று பெயர் போட வேண்டுமானால் பால்கொழுப்பு குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும். ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த டிப்பின் சூட்சுமமே இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. மிளகாய் ஜெல்லியில் பெரும்பங்கு சர்க்கரை. சர்க்கரை தான் உட்காரும் இடத்திலிருந்து நீரை இழுக்கும். முழுக்கொழுப்புக் கட்டியில் நீர் குறைவு, இருக்கிற நீரையும் பிசின் பிடித்து வைத்திருக்கும். அதனால் விருந்து முடியும்வரை கட்டி கட்டியாகவே நிற்கும், கத்தி போட்டால் வழவழவென்று வரும்.

அதற்குப் பக்கத்திலேயே, பார்த்தால் கிட்டத்தட்ட அதே பெட்டியில், கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று நியூஷட்டெல் இருக்கும். அதில் ஈரம் 65 சதவீதம் வரை போகலாம். அவசரத்தில் இதைத் தூக்கி வந்துவிடுவது எளிது, பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள். ரொட்டியில் தடவ இது நல்ல பொருள்தான். ஜெல்லிக்கு அடியில் வைத்தால் சீக்கிரமே தட்டில் பாகும் நீரும் கலந்து ஓடத் தொடங்கும். கொழுப்பே இல்லாத வகையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

டப்பாவில் வருவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தடவுவதற்காக இளக்கமாகத் தயாரிக்கப்பட்டது. கவிழ்த்து வைத்தால் நிற்காது. மற்றவற்றோடு சேர்த்து அடித்தால் இன்னும் தளர்ந்து சட்னி பதத்துக்கு வந்துவிடும். 'விப்ட்' என்று எழுதிய டப்பாவில் காற்றும் சேர்ந்திருக்கிறது. கப் அளவில் எடுத்தால் எடைக்குச் சீஸ் குறைவாகத்தான் வரும், அடிக்க அடிக்க அந்தக் காற்றும் போய்விடும். நம் ஊர்க் கடைகளில் சீஸ் ஸ்ப்ரெட் என்று கிடைப்பது பதப்படுத்திய வேறு சரக்கு. அதன் உப்பும் சுவையும் இதற்கு ஒத்துவராது.

கடைகள் தங்கள் பெயரிலேயே விலை குறைத்து விற்கும் கடைப் பிராண்டு கட்டி வாங்கலாமா? 33, 55 என்ற விதி அதற்கும் உண்டு. வித்தியாசம் புளிப்பிலும் உப்பிலும் பிசினிலும்தான். கட்டியை அப்படியே வைத்து மேலே ஜெல்லி ஊற்றுவதானால் பிலடெல்பியாவுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும், ஏனென்றால் அங்கே சீஸின் மென்மையை மறைக்க எதுவும் இல்லை. செடார் என்ற கெட்டிச் சீஸைத் துருவிச் சேர்த்து அடிக்கப் போகிறீர்கள் என்றால் கடைப் பிராண்டே போதும்.

அடித்துச் செய்யும் முறையே மேல் என்பது எங்கள் கட்சி. முழுக்கட்டியில் முதலில் வருபவர்கள் ஜெல்லியை வழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவர்களுக்கு வெறும் சீஸ்தான் மிஞ்சும். எட்டுப் பத்துப் பேருக்கு 226 கிராம் கட்டி ஒன்று, முற்றின செடார் 100 கிராம், சவர் க்ரீம் (புளிக்க வைத்த க்ரீம்) 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் 2, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, பூண்டுப் பொடி ஒரு சிட்டிகை, மேலே ஊற்ற மிளகாய் ஜெல்லி அரை கப், தூவ வறுத்த பீகான் பருப்பு கால் கப். உப்பு தனியாகப் போடாதீர்கள். செடாரிலேயே 28 கிராமுக்கு 180 மில்லிகிராம் அளவில் சோடியம் உண்டு. க்ராக்கரிலும் உப்பு இருக்கும்.

செடாரைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். சூடு காட்டாத டிப்பில் அது கரையாமல் நாக்கில் மாவாக நெருடும். துருவியின் சின்னக் கண்ணில் துருவினால் சீஸோடு நன்றாகக் கலக்கும், பெரிய கண்ணில் துருவினால் நாரு நாராக நிற்கும். சுத்த சைவ விருந்தினர் வருவதாக இருந்தால் செடாரில் என்ன ரென்னெட் (பாலை உறைய வைக்கும் பொருள்) என்று பாருங்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததும் உண்டு, நுண்ணுயிர் வழி எடுத்ததும் உண்டு.

சொதப்பல் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில்தான் நடக்கும். க்ரீம் சீஸைச் சில்லென்று இருக்கும்போதே சவர் க்ரீமோடு போட்டு அடித்தால் அரிசி அரிசியாகக் கட்டி தட்டும். சுற்றிலும் இளகல் வந்துவிட்ட பிறகு அடிக்கும் கருவி எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கட்டிகள் வழுக்கிப் போகுமே தவிர உடையாது. கட்டியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் பரப்பி அரை மணி நேரம் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் நடுத்துண்டு வரை பள்ளம் விழ வேண்டும், அதுதான் பதம். அவசரமானால் வெள்ளித்தாளை முழுக்க உரித்து மைக்ரோவேவில் 15 விநாடி. அதற்கு மேல் போனால் ஓரம் உருகி, அடித்த பிறகும் டிப் தளதளவென்றே இருக்கும். இளகிய சீஸை முதலில் தனியாக ஒரு நிமிடம் அடித்து, கிண்ணத்தின் ஓரத்தை வழித்து, பளபளப்பு வந்த பிறகே சவர் க்ரீம். செடாரும் வெங்காயத்தாளும் கடைசியில், கரண்டியால் கிளறினால் போதும். தட்டையான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, நடுவைக் கரண்டி முதுகால் லேசாகக் குழித்துவிட்டு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஜெல்லி வாங்கும்போது பொருட்பட்டியலை வரிசையாகப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பதால் சர்க்கரை தலையில் நிற்பது இயல்பு. அதற்கு அடுத்தபடியாக மிளகாயும் வினிகரும் வந்தால் நல்ல ஜாடி. அவை பட்டியலின் வாலில் கிடந்து முன்னால் கார்ன் சிரப் இருந்தால் கிடைப்பது நிறம் போட்ட இனிப்புதான். கையில் அதுதான் இருக்கிறது என்றால் அரை கப்புக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகரும் கால் தேக்கரண்டி சில்லி ஃப்ளேக்ஸும் கலந்தால் ஓரளவு நிமிரும். முள்கரண்டியால் நாலைந்து சுற்றுச் சுற்றினால் ஜெல்லி ஊற்றும் பதத்துக்கு வரும். அடித்துக் கலக்காதீர்கள், ஜெல்லியை இறுக வைக்கும் பெக்டினின் பிணைப்பு உடைந்தால் மறுபடி இறுகாமல் பாகாகவே நின்றுவிடும். பரிமாறப் பத்து நிமிடம் முன்புதான் ஊற்ற வேண்டும். முதல் நாளே ஊற்றி வைத்தால் முழுக்கொழுப்புச் சீஸிலும் ஓரத்தில் நீர் கட்டும், பருப்பும் நமத்துப்போகும்.

மிளகாய் ஜெல்லி கிடைக்காத ஊரில் அன்னாசி நன்றாக இருக்கும், ஆனால் டின் அன்னாசி மட்டும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பால்புரதத்தை வெட்டிவிடும். சீஸ் நீர்த்துக் கசக்கும். டின்னில் அடைக்கும்போது படும் சூட்டில் அந்த நொதி செத்துவிடுகிறது. பொடித்த அன்னாசி 8 அவுன்ஸ் டின்னை வடிகட்டி, கையால் பிழிந்து, பொடியாக நறுக்கிய குடமிளகாய் கால் கப்போடு மேலே சொன்ன கலவையில் சேருங்கள், அப்போது சவர் க்ரீமை விட்டுவிடலாம். பிழியாமல் போட்டால் டிப் குழம்பாகிவிடும்.

தொட்டுக்கொள்ள ரிட்ஸ் போன்ற வெண்ணெய் க்ராக்கர் சுவைக்குப் பொருந்தும், ஆனால் சில்லென்ற டிப்பில் அழுத்தினால் உடையும். ட்ரிஸ்கிட் மாதிரி முரட்டுக் கோதுமை க்ராக்கர் உடையாது. செலரித் தண்டும் ஆப்பிள் துண்டும் பக்கத்தில் இருந்தால் திகட்டல் குறையும்.

வெளியே வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் தோட்டத்து விருந்து என்றால் ஒரு மணி நேரம்தான். கூட்டம் பெரிதானால் இரண்டு சின்னத் தட்டுகளாகப் பிரித்து, ஒன்று காலியானதும் மற்றதை எடுங்கள். அந்த நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிய மிச்சம் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் போடாதீர்கள், பனி உருகும்போது க்ரீம் சீஸ் திரிந்து மணல் மணலாகிவிடும். ரொட்டி இரண்டுக்கு நடுவே தடவித் தோசைக்கல்லில் வாட்டினால் மிச்சம் ஒரே காலையில் தீர்ந்துவிடும். தணலைக் குறைத்து வையுங்கள், ஜெல்லியின் சர்க்கரை சட்டென்று கருகும்.