கிருஷ்ணகிரி மாடி இசைச் சந்திப்பு: 150 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, மாலை நான்கு மணி. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே டீக்கடை, முதல் மாடியில் இசைக்கருவிக் கடை, அதற்கு மேலே தகரக் கூரை போட்ட கூடம். சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இசைக்கருவிக் கடைக்காரர் ஆரம்பித்தது. நுழைவு 150 ரூபாய். ஒரு டீயும் இரண்டு போண்டாவும் அதில் அடக்கம். நான் இதுவரை ஐந்து தடவை போயிருக்கிறேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டினம். பதினோரு வருடமாக மெல்லிசை ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கிறேன். வைகாசியில் கல்யாண ரிசப்ஷன், ஆடியில் அம்மன் கோயில் கச்சேரி, மார்கழியில் வீட்டில் சும்மா. அந்தச் சும்மா நாட்களில்தான் சொந்தப் பாட்டு. வாசிக்கிறவர்களில் ஐம்பது அறுபது பேரையாவது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரிடமும் "ஒரு மெட்டுப் போட்டிருக்கேன், கேளுங்கணா" என்று சொன்னதில்லை. மேடையை விட்டு இறங்கினால் பேமெண்டை வாங்கிக்கொண்டு வேனில் தூங்கிவிடுவோம். பெங்களூர் இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். அங்கே இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றுக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். 220 ரூபாய் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இங்கே முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி என்றால் ஐந்து. ஆளுக்கு இரண்டு பாட்டு என்பார்கள், யாராவது ஒருவர் நான்கு பாடுவார். தகரக் கூரை என்பதால் சித்திரை வெயிலில் கிடார் சுதி நிற்பதே இல்லை. மிக்சரில் கண்டென்சர் மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் பட்டன் செத்துப்போய் மாதக்கணக்காகிறது, அதனால் அந்த மைக்கைக் கொண்டுபோனால் வெறும் இரும்புதான். படிக்கட்டில் விளக்கு கிடையாது. வயலின் வாசிக்கும் ஒரு கல்லூரிப் பெண் அப்பாவோடு வருகிறாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறாள். அவள் போன பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கிறது என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு.

அப்புறம் ஏன் மாதாமாதம் போகிறேன் என்றால், ஏழு மணிக்கு எல்லாரும் கீழே டீக்கு இறங்குவார்களே, அதற்காக.

மூன்றாவது தடவை போனபோது, என் பாட்டு ஒன்றுக்குப் பறை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அதுவரை கீபோர்டில் இருந்த சத்தத்தை வைத்தே ஒப்பேற்றியிருந்தேன். காரிமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "இது தகர டப்பா தம்பி" என்றார். ரெக்கார்டிங்கை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பறையைக் காய்ச்ச வேண்டும், மாடியில் நெருப்பு வைக்கக் கடைக்காரர் விடவில்லை. நேரே டீக்கடைக்கு இறங்கிப் பால் சட்டியை ஓரம் தள்ளச் சொல்லி, அந்த அடுப்புத் தணலிலேயே பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் விரலால் ஒரு தட்டு. முதலில் தொம்மென்று ஈரச் சாக்கை அடித்த மாதிரி இருந்தது. நாலைந்து திருப்பலில் தோல் இறுகி, சத்தம் கிணற்றிலிருந்து மேலே ஏறி வந்தது. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சூடு ஆறுவதற்குள் மாடிக்கு ஓடினோம். என் கண்டென்சர் மைக் அங்கே வேலை செய்யாததும் நல்லதாகப் போயிற்று. கடையிலிருந்த, அந்த 48 வோல்ட் தேவைப்படாத ஷ்யூர் எஸ்எம்58 மைக்கை இரண்டடி தள்ளி நிறுத்தினேன். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. சிண்டு விழும் சுரீர் சத்தம்கூட உடையாமல் பதிந்தது. மூன்றே டேக்.

காசு விஷயமும் அதே டீக்கடை பெஞ்சில்தான் பேசினோம். எனக்கு அதில் பழைய காயம் உண்டு. முன்பு ஒரு பாடகரோடு சேர்ந்து பாட்டுப் போட்டபோது எதையும் எழுதி வைக்கவில்லை. பாட்டு கொஞ்சம் ஓடியதும் யாருக்கு எவ்வளவு என்று தகராறாகி, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. ஓசூரில் ஃபேக்டரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிற ஒரு பாடலாசிரியர் இங்கே இருக்கிறார். வீட்டில் தெலுங்கு, பாட்டு எழுதுவது தமிழில். அவர் பையில் எப்போதும் ஒரு தாள் வைத்திருப்பார்: பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து, தேதி. பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உறுப்பினராகி ராயல்டி வாங்கலாம், 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணனுக்கு அன்றைக்கே 1,500 ரூபாய், பாட்டில் வருவதில் பத்து சதவீதம் என்று அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அண்ணனும் தன் பங்குக்கு இரண்டு விஷயம் சொன்னார்: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை எப்படி வாங்கினார் என்றும், மாவட்டக் கலை மன்றம் கொடுக்கும் கலை வளர்மணி விருதுக்கு 35 வயதுவரைதான் என்றும். எனக்கு 34. மறுநாளே கலை பண்பாட்டுத் துறைக்கு மனுப் போட்டேன்.

விசிட்டிங் கார்டோடு வருகிறவர்களும் உண்டு. ஒருவர் பாட்டு வீடியோவுக்கு மொத்தமாகப் பார்வைகள் வாங்கித் தருவதாகச் சொல்லி, போண்டாத் தட்டு காலியாவதற்குள் எல்லார் கையிலும் அட்டையைத் திணித்துவிட்டுப் போனார். அவர் யார் பாட்டையும் கேட்கவில்லை. கடைக்காரர் இவர்களை வாசலிலேயே நிறுத்தலாம், ஆனால் மனிதர் கூச்ச சுபாவம்.

புதிதாகப் போகிறவர்கள் "எல்லாரையும் தெரிஞ்சுக்கலாம்" என்று போகாதீர்கள், தலை கிறுகிறுத்துவிடும். எனக்குப் பறை வேண்டும், எனக்கு ஒரு சரணம் வேண்டும் என்று ஒரே ஒரு தேவையோடு போங்கள். உங்களால் என்ன முடியும் என்பதையும் சொல்லுங்கள். நான் இரண்டு பேருக்குக் கீபோர்டு வாசித்துக் கொடுத்திருக்கிறேன், அதில் ஒருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

கையில் ஒரு நிப்பட்டு (தட்டை) பாக்கெட்டும் எடுத்துப் போங்கள். ஏழு மணிக்குள் போண்டா தீர்ந்துவிடுகிறது.