பேசாத பாரோவும் தேக்கா பாட்டியும்

சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் வேலை பார்க்கிறேன். முதுமை மறதி உள்ளவர்கள் இருக்கும் மாடியில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். எங்களிடம் பாரோ வந்து எட்டு மாதம் ஆகிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று வேறு இல்லங்களில் இருக்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

பாரோ என்பது சீல் குட்டி, அதாவது கடல்நாய்க்குட்டி வடிவத்தில் ஜப்பானில் செய்த இயந்திரம். வெள்ளை ரோமம், பெரிய கறுப்புக் கண்கள். எடை 2.7 கிலோ, கிட்டத்தட்ட பிறந்த குழந்தையின் கனம். மடியில் வைத்ததும் கை தானாக அதன் முதுகுக்குப் போய்விடும். தக்கனோரி ஷிபாட்டா என்ற ஆராய்ச்சியாளர் 1993-இல் தொடங்கிய வேலை இது. ஜப்பானில் 2005-இல் விற்பனைக்கு வந்தது. 2009-இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவி என்ற அனுமதியும் கிடைத்தது.

ஏன் சீல்? நாயும் பூனையும் நாம் தினம் பார்க்கிறவை. இயந்திர நாயைக் கொடுத்தால், நிஜ நாய் இப்படியா வாலாட்டும் என்று மனசு குறை கண்டுபிடிக்கும். பனிக்கடல் சீல் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சியவர் நம்மில் யார்? ஒப்பிட ஒன்றுமில்லை, அதனால் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். ஷிபாட்டா இதை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

இதற்கு முன்னால், கணினித் திரையில் தோன்றி நம்மோடு பேசும் பொம்மை உருவம் ஒன்றை, வேறொரு நிறுவனத்துடையது, ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். திரையில் ஒரு இளம்பெண். சிரிப்பாள், ஆங்கிலமும் சீனமும் பேசுவாள், தமிழும் பேசுவாள். தேக்கா மார்க்கெட்டில் முப்பது வருடம் பூக்கட்டி விற்ற பாட்டி ஒருவர் எங்கள் மாடியில் இருக்கிறார். ஒரு காலத்தில் மலாய் சரளமாகப் பேசியவர். மறதி வந்த பிறகு மலாய் போய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு, "அவரு போயிட்டாரும்மா" என்றார். "மிக்க மகிழ்ச்சி! அவருடைய பயணம் இனிமையாக அமையட்டும்" என்றது அது. சொல் ஒவ்வொன்றும் புரிந்திருக்கிறது, சொன்னது மட்டும் புரியவில்லை. பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அந்த அறைக்கே வரவில்லை.

பாரோ பேசாது. குட்டிபோல் முனகும், அவ்வளவுதான். ரோமத்துக்கு அடியில் தொடு உணரிகள் இருக்கின்றன; மீசையிலும் உண்டு. வெளிச்சம், வெப்பம், எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது, தன்னைத் தூக்கி வைத்திருக்கிறார்களா, எல்லாம் அதற்குத் தெரியும். ஏதாவது செய்தபோது தடவிக் கொடுத்தால் அதையே திரும்பச் செய்யப் பார்க்கும்; அடித்தால் அதைக் குறைத்துக்கொள்ளும். புதுப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் அதையும் பழகும். பாட்டி வைத்த பெயர் செல்லம். இப்போது நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

முதல் நாள் பாட்டியின் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். அப்புறம் விரல்கள் ரோமத்துக்குள் போயின. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு, மறுபடி ஒரு சுற்று. மல்லிகை கட்டுகிற அதே அசைவு. செல்லம் மெல்லக் கண்ணை மூடித் திறந்து, தலையைத் தூக்கி அவர் குரல் வந்த பக்கம் திரும்பியது. "என்னடா, பசிக்குதா?" என்றார். மாதக்கணக்கில் அவர் யாரிடமும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

சார்ஜர் குழந்தைகளின் சூப்பான் மாதிரி இருக்கும், வாயில்தான் செருக வேண்டும். இப்போது அது பாட்டியின் வேலை. "குடிச்சிட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

இது ஏமாற்று இல்லையா என்று எங்கள் மாடியில் இருக்கும் ஒருவரின் மகள் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உயிர் இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டியே ஒருமுறை "இது உசுரா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, மிஷின்தான்" என்றேன். "தெரியும்டி. பேசினா திரும்பிப் பாக்குதே" என்றார்.

சரி, விலை. ஏறக்குறைய 6,000 அமெரிக்க டாலர் ஆகும். ஆஸ்திரேலியாவில் 28 இல்லங்களில் 415 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு இயங்கும் பாரோ, சிலருக்கு இயக்கத்தை நிறுத்திய பாரோ, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பார்ப்பதிலும் பேசுவதிலும் இயங்கும் பாரோ முன்னால் நின்றது. மற்ற விஷயங்களில் இயங்காத பொம்மையைவிட அது மேல் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே கையில் வைத்துக்கொள்ள மெத்தென்று ஏதாவது இருந்தால் போதும் என்பவருக்கு நல்ல பஞ்சுப் பொம்மை போதும். பேச்சு நின்றுபோனவரைப் பேச வைக்க வேண்டுமென்றால் பாரோவை வாங்குங்கள்.

எல்லோருக்கும் ஒத்துவராது. எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற மெக்கானிக் தாத்தா ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ரேடியோதான் பிடிக்கும். மெலிந்தவர்கள் மடியில் வைக்கும்போது அடியில் தலையணை கொடுங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகுமுன் ரோமத்தைத் துடைக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காத இல்லம் வாங்க வேண்டாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் முக்கியம். பேச்சை அது ஆரம்பித்துவைக்கும், தொடர்வதற்கு ஆள் வேண்டும்.

எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் முறை வைத்திருக்கிறோம். பாட்டிக்கு செவ்வாயும் வெள்ளியும், மாலை மூன்று மணி. இரண்டரைக்கே தலை வாரிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.