தொலைந்த சர்வர் கீயை மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டும் முன்

விண்டோஸ் சர்வர் 2019 ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒன்று மதர்போர்டு போய் நின்றுவிட்டது. வாங்கிய பில் கையில் இல்லை, ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் கீ எழுதி வைத்த தாளும் இல்லை. "பழைய கீயை மீட்டுத் தருகிறோம், வாழ்நாள் உத்தரவாதம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியாயிற்று. புது மெஷினுக்குள் ரிமோட்டில் வந்தார்கள், கறுப்பு ஜன்னலில் பத்து நிமிடம் ஏதோ தட்டினார்கள், 'ஆக்டிவேட் ஆகிவிட்டது' என்ற செட்டிங்ஸ் வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். சரியாக 180 நாளில் ஆக்டிவேஷன் போயிற்று. விற்றவர் மெசேஜைப் பார்க்கிறார், பதில்தான் வரவில்லை.

மீட்டதாகக் கொடுத்த அந்தக் கீ, மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கும் கேஎம்எஸ் (நிறுவனத்தின் மெஷின்களை உள்ளேயே ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யும் முறை) கிளையன்ட் கீ. சும்மா கிடைப்பதை விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதைப் போட்டதால் மட்டும் எந்த சர்வரும் ஆக்டிவேட் ஆகாது. நிறுவனத்துக்குள் ஒரு கேஎம்எஸ் ஹோஸ்ட் இருந்து அனுமதி தர வேண்டும். அந்த இடத்தில் விற்றவர் தன்னுடைய வெளி சர்வரின் முகவரியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

கண்டுபிடிப்பது எளிது. அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி' (slmgr /dlv) என்று அடித்தால் சில நொடியில் ஒரு சின்ன ஜன்னல் வரும். விவர வரியின் கடைசியில் சேனல் பெயர் இருக்கும்: ரீடெய்ல் (தனியாக வாங்கியது), ஓஇஎம் (மெஷினோடு வந்தது), வால்யூம் எம்ஏகே (நிறுவனத்துக்குத் தரும், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை ஆக்டிவேட் செய்யும் கீ), வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று. இந்த மெஷினில் கடைசியாகச் சொன்னது இருந்தது. கீழே பதிவு செய்யப்பட்ட கேஎம்எஸ் மெஷின் என்ற வரியில் முன்பின் தெரியாத ஒரு டொமைன் பெயர், போர்ட் 1688. ஆக்டிவேட் ஆன அன்றே பார்த்திருந்தால் காலாவதி வரியில் 259200 நிமிடம் என்று இருந்திருக்கும். கணக்குப் போட்டால் அதுவே 180 நாள். ஒவ்வொரு 7 நாளுக்கும் ஹோஸ்டைத் தொட்டுப் புதுப்பித்தால் கெடு மறுபடி 180-க்குப் போகும். இங்கே ஃபயர்வாலில் 1688 பிறகு வெளியே போகாமல் மூடப்பட்டதால் முதல் நாள் கிடைத்ததோடு சரி. ஃபயர்வாலைக் குறை சொல்ல முடியாது. அது திறந்திருந்தால் இந்த மோசடி இன்னும் பல மாதம் தெரியாமலே ஓடியிருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், 'எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்' (slmgr /xpr) போடச் சொல்லுங்கள். ரீடெய்ல், எம்ஏகே என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆனதாகச் சொல்லும். கேஎம்எஸ் என்றால் தேதி காட்டும். 'வாழ்நாள்' என்று விற்ற பொருளில் தேதி எதற்கு? ஆனால் நிரந்தரம் என்று வந்தாலும் முழுசாக நிம்மதி அடைய முடியாது. எங்கோ கசிந்த ஒரு நிறுவனத்தின் எம்ஏகே கீயாக இருக்கலாம். இன்று வேலை செய்யும். அந்தக் கீ முடக்கப்பட்ட பிறகு மறுபடி இன்ஸ்டால் செய்தால் சி003 என்று முடியும் பிழை வரும். எண்ணிக்கை தீர்ந்திருந்தால் சி020.

சரி, உண்மையிலேயே கீயை மீட்க முடியுமா? ஓரளவு முடியும், அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. செத்த மெஷினின் டிஸ்க்கை வேறொன்றில் மாட்டி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அங்குள்ள சாஃப்ட்வேர் என்ற ரெஜிஸ்ட்ரி ஃபைலை 'ரெக் லோட்' (reg load) கட்டளை கொண்டு ஏற்றலாம். அதில் டிஜிட்டல்ப்ராடக்ட்ஐடி என்ற மதிப்பில் 52-ஆம் ஆஃப்செட்டிலிருந்து (தொடக்கத்திலிருந்து 52 பைட் தள்ளி) 15 பைட்டுகளில்தான் கீ சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மீட்புக் கருவிகள் எல்லாம் செய்வது இதைப் படித்து 25 எழுத்தாக விரிப்பதுதான். ரீடெய்ல் கீ என்றால் சரியாக வந்துவிடும். எம்ஏகே என்றால் அந்த இடம் அழிக்கப்பட்டிருக்கும். கருவி 'பி' என்ற எழுத்தையே 25 தடவை காட்டும். அதை எந்த வித்தைக்காரராலும் மீட்க முடியாது, வால்யூம் லைசென்ஸ் கணக்கில் நுழைந்து எடுப்பதுதான் வழி. ஓஇஎம் சர்வரில் வருவது பெரும்பாலும் அந்தத் தயாரிப்பாளர் எல்லா மெஷினுக்கும் போட்ட ஒரே கீ. உங்களுடைய கீ பெட்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கிறது, அதுவும் பொதுவாக அந்த ஹார்டுவேரோடு கட்டுண்டது. மதர்போர்டு போனதென்றால் தயாரிப்பாளரிடம்தான் பேச வேண்டும்.

25 எழுத்து கையில் இருப்பதும் லைசென்ஸ் இருப்பதும் ஒன்றல்ல. 2016 பதிப்பிலிருந்து கணக்கு கோர் வாரியாக, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். கிளையன்ட் அணுகலுக்கான சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் லைசென்ஸ்) தனி. கீ விற்றவர் இதில் எதையும் தரவில்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் உடனே அழிக்க வேண்டாம். அந்த /டிஎல்வி ஜன்னலின் மேல் கன்ட்ரோல்-சி அழுத்தினால் மொத்த வாசகமும் காப்பி ஆகும். பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் சாட்சி. ஆன்டிவைரஸில் விலக்குப் பட்டியலையும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். ஹோஸ்ட் முகவரி 127 என்று தொடங்கினால் உள்ளேயே ஒரு போலி கேஎம்எஸ் நிரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரிமோட்டில் அட்மின் உரிமையோடு அந்நியர் நுழைந்த மெஷினைத் துடைத்துப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே புத்திசாலித்தனம், பாஸ்வேர்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவரை தற்காலிகமாக: எஸ்எல்எம்ஜிஆரில் /யூபிகே (/upk) கீயை எடுக்கும், /சிகேஎம்எஸ் (/ckms) அந்த முகவரியை எடுக்கும், முறையான கீயைப் போட /ஐபிகே (/ipk), பிறகு ஆக்டிவேட் செய்ய /ஏடிஓ (/ato).

இவல்யூவேஷன் (சோதனைக்கான) பதிப்பில் மட்டும் /ஐபிகே எடுபடாது, எஃப்069 பிழைதான் வரும். அங்கே விண்டோஸிலேயே உள்ள டிஐஎஸ்எம் (dism) கருவி கொண்டு செட்-எடிஷன் செய்து முழுப் பதிப்பாக மாற்ற வேண்டும்.

இனிமேலுக்கு ஒரு சின்னப் பதிவேடு போதும்: மெஷின் பெயர், எடிஷன், சேனல், கீயின் கடைசி 5 எழுத்து, வாங்கிய ஆவணம் எங்கே இருக்கிறது என்பது. /டிஎல்வி காட்டும் அதே 5 எழுத்தை வைத்து எந்த மெஷினில் எந்தக் கீ என்று ஒப்பிட்டுவிடலாம். முழுக் கீயை எல்லோரும் திறக்கும் ஷீட்டில் போடாதீர்கள். எம்ஏகே கீ கசிவது பெரும்பாலும் அப்படித்தான். ஓஇஎம் லேபிளை மெஷின் ரேக்கில் ஏறும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள், ஏறிய பிறகு அந்தப் பக்கம் கை கூடப் போகாது.