மீன் கடைக்கு நாலரை நட்சத்திரம், கொசுறுக்கு ஒன்று

தென் கொல்கத்தாவுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்கள் எல்லாரும் கேட்பது, எங்கள் சந்தையில் உயிர்மீன் விற்கும் தாதாவின் (வங்காளியில் ‘அண்ணன்’) கடையைப் பற்றித்தான். சரி, எழுதிவிடுகிறேன்.

மீனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுமினிய அண்டாவில் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் துள்ளும். கைகாட்டியதைப் பிடித்து, எடைபோட்டு, நம் அரிவாள்மனைக்கு அண்ணன் மாதிரி இருக்கும் ஒன்றைக் காலால் அழுத்திக்கொண்டு நறுக்கித் தருவார். எடையில் ஏமாற்று கிடையாது. சேற்று வாடை லேசாக உண்டு, புளிக்குழம்பில் தெரியாது.

சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த மீனாமே? ஆமாம், தாதா மறைப்பதே இல்லை. நகரத்துக் கழிவுநீர் கால்வாய் வழியாகக் கிழக்குச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மொத்தம் 12,500 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-ல் சேர்ந்த இடம். அங்கே ‘பேரி’ என்னும் ஆழமில்லாத குளங்களில் வெயிலும் பாசியும் அழுக்கைக் கரைக்க, பாசியை மீன் தின்கிறது. மலக்கிருமிகளும் அங்கேயே பெருமளவு செத்துவிடும்.

ஆனால் மிச்சமிருப்பவை எந்த ரகம் என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரிக் கழிவும், ஆன்டிபயாடிக் விழுங்கிய ஊர் ஜனத்தின் கழிவும் அதே கால்வாயில்தான் கலக்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்துக்குக்கூடக் கைமாற்றிவிடும். நல்லவேளை, மருந்துக்கு மசியாததும் கொதிக்கிற குழம்பில் மற்றதைப் போலத்தான் சாகும். அதனால் வெந்த மீனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தாதா வெட்டும் விதம்தான் இடிக்கிறது.

குடலை உருவிய கையை வாளியில் முக்கிவிட்டு அடுத்த மீனை எடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிடும். மீனில் கிருமி மண்டிக் கிடப்பது குடலில்தான். வங்காளிகள் குடல் கொழுப்பை ஆசையாகச் சமைப்பார்கள் என்பதால், கேட்காமலே அதையும் துண்டுகளோடு ஒரே பையில் போடுவார். அதைவிட மோசம் கொசுறு. “எடுத்துக்கோங்க பௌதி (அண்ணி)” என்று அதே ஈரக்கையால் ஒரு பிடி கொத்தமல்லி! அதைக் குழம்பை இறக்கிய பிறகு பச்சையாகத்தானே தூவுகிறோம்? அந்தச் சதுப்பு நிலத்திலேயே தாபா என்னும் பகுதியில் இருக்கும் காய்கறி வயல்களிலும் பாய்வது இதே கழிவுநீர்தான். அவர் பிரியமாகத் தருவதை மறுக்கச் சங்கடம். வாங்கி, துவையலுக்கு நன்றாக வதக்கிவிடுகிறேன்.

கொழுப்பு வேண்டாமென்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் மீனுக்குத் தனிப் பலகை வையுங்கள். மீன் கழுவிய சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெள்ளரிக்காயைக் கொண்டுபோகாதீர்கள். நமக்காவது குழாயும் சோப்பும் இருக்கின்றன. பேரிக்குள் இறங்கி வலை இழுப்பவர்களுக்குக் காலில் சின்னக் கீறல் பட்டாலும் அந்தத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும்.

தாதா யுபிஐ வாங்குவார், சில்லறைதான் இருக்காது. ஏழரைக்குள் போய்விடுங்கள்; அப்புறம் ஐஸ் பெட்டியில் வந்த ஆந்திரா கட்லாதான் மிஞ்சும்.