மாஸ்டர் ரெஸ்யூமே: ஒரு அக்கவுண்ட்ஸ்காரரின் நீண்ட கால அனுபவம்

வேலை மாற நினைக்கும்போதுதான் நம்மில் பலர் ரெஸ்யூமேயைத் தூசு தட்டுவோம். ஜி.எஸ்.டி. வந்த 2017-இலிருந்து நான் செய்வது வேறு. கூகுள் டாக்ஸில் ஒரே ஒரு நீளமான கோப்பு; அதுதான் என் மாஸ்டர் ரெஸ்யூமே. செய்த வேலையை அந்தந்த மாதமே அதில் எழுதிவிடுவேன். அந்தக் கோப்பு யாருக்கும் போகாது. விண்ணப்பிக்கும்போது அதிலிருந்து தேவையானதைப் பொறுக்கி இரண்டு பக்கமாக்கி அனுப்புவேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி, அப்புறம் ஒரு ஸ்பின்னிங் மில், இப்போது ஒரு ஃபவுண்டரி என்று வேலை மாறியது எல்லாம் இந்தக் கோப்பை வைத்துத்தான்.

அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இது அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். சட்டம் மாறும் வேகத்தில் நம் திறமைப் பட்டியலும் பழசாகிவிடுகிறது. ஜி.எஸ்.டி.-க்கு முந்தைய வரிகளான 'வாட், சி.எஸ்.டி., சர்வீஸ் டாக்ஸ்' என்று ரெஸ்யூமேயின் முதல் வரியில் கம்பீரமாக இருந்தவை 2017 ஜூலை 1-க்குப் பிறகு பழங்கதை. 2018 ஏப்ரலில், சரக்கு அனுப்பும்போது எடுக்க வேண்டிய இ-வே பில். 2020-இல் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி; சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னை வைத்து, கொள்முதலில் கட்டிய வரியில் நாம் கழித்துக்கொள்ளக்கூடிய கிரெடிட்டைக் காட்டும் மாத அறிக்கை. பில்லை அரசுப் போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. அதாவது நம் ஊர் நடுத்தர கம்பெனிகள் வரை வந்துவிட்டது. இன்றைக்கு ஒருவர் ரெஸ்யூமேயில் கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பான 'டேலி ஈ.ஆர்.பி. 9' மட்டும் இருந்தால், புதிய பதிப்பான டேலி பிரைம் வந்து இத்தனை வருடமாகியும் பார்க்கவே இல்லையோ என்று தோன்றும். நான் இரண்டு பெயரையும் வைத்திருக்கிறேன். எச்.ஆர். எந்தப் பெயரை அடித்துத் தேடுவார் என்று நமக்குத் தெரியாதே.

மாதாமாதம் எழுதுவதில் கிடைக்கும் பெரிய லாபம், ரெஸ்யூமேயில் எழுதும் வாக்கியங்களில் வந்து சேரும் நுணுக்கம். 'ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்' என்பதை யார் வேண்டுமானாலும் போடலாம். 'கொள்முதல் பில்களை மாதந்தோறும் 2பி-யுடன் ஒப்பிட்டு, அதில் ஏறாத பில்களுக்கு சப்ளையரிடம் பேசி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை ரிட்டர்ன்) போட வைத்து, கிரெடிட்டை மீட்டேன்' என்று எழுத, அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். எத்தனை பில், எத்தனை யூனிட், எத்தனை பேருக்குச் சம்பளக் கணக்கு என்ற எண்களெல்லாம் இரண்டு வருடம் கழித்து யோசித்தால் வராது. ஆனால் கம்பெனியின் லாபம், சப்ளையர் பெயர் போன்றவற்றை எழுதவே கூடாது. அடுத்தவர் ரகசியத்தை விரித்துக் காட்டும் கணக்காளரை எந்த முதலாளி நம்புவார்?

இன்டர்வியூவிலும் இதே கோப்புதான் கைகொடுக்கிறது. இங்கே முதலாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஃபைனலைசேஷன் வரைக்கும் போவீங்களா?" என்பதுதான். அதாவது, ஆண்டுக் கணக்கை இறுதி செய்வது வரை தெரியுமா என்று. சும்மா 'போவேன் சார்' என்றால் போதாது. தேய்மானம், இருப்பு மதிப்பீடு, கொடுபடவேண்டிய செலவுகள் இவற்றில் நான் எதுவரை செய்தேன், ஆடிட்டர் ஆபீஸ் எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முந்தின நாள் இரவு கோப்பில் மார்ச், ஏப்ரல் மாதக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போவேன்.

வடிவமைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே காலம் (column), சாதாரண எழுத்துரு. இரண்டு காலம் டெம்ப்ளேட், 'டேலிக்கு நாலு நட்சத்திரம்' எல்லாம் பார்க்க மட்டும்தான் அழகு. பி.டி.எஃப்.-ஐத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் கலைந்து வந்தால், ரெஸ்யூமேயைப் படிக்கும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரிய வாய்ப்பு. அப்பா பெயர், திருமணமானவரா, கடைசியில் 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எந்த இடத்திலும் யாரும் ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

ரெஸ்யூமேயோடு சேர்த்துத் தயார் செய்ய வேண்டியது பி.எஃப். கணக்கு. யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிய கம்பெனிக்காக நம் விவரங்களைச் சரிபார்ப்பவர்கள் பலர் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் விட்டு வந்த ஓரிடத்தில் விலகிய தேதியைப் பதியாமலே வைத்திருந்தார்கள். ஃபோன் செய்தால் 'பார்க்கிறோம்' என்ற பதில்தான். கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் அந்தத் தேதியை நாமே போர்ட்டலில் போட்டுக்கொள்ளும் வசதி 2020-இலிருந்து இருக்கிறது. அதில்தான் முடித்தேன். சம்பளம் பேசும்போது இன்னொன்று: இங்கே பலர் சொல்லும் தொகை கைக்கு வருவது. சிலர் முதலாளி கட்டும் 12 சதவீத பி.எஃப்.-ஐயும் சேர்த்துச் சொல்வார்கள். எது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. கோப்பு ஊதிக்கொண்டே போகிறது. அதிலிருந்து இரண்டு பக்கம் பொறுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஏ.ஐ.-யிடம் சுருக்கச் சொன்னால் எல்லார் ரெஸ்யூமேயும் பேசுகிற அதே பாஷையில் வந்து நிற்கிறது. விளம்பரத்தில் கேட்டதில் எது என் பக்கத்தில் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். அப்புறம், கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது பாதிக்கு மேல் ஆடிட்டர் வாய்மொழியாகச் சொல்லித்தான் முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பினால் போதும். அதற்கென்று தனியாக ஒரு பக்க ரெஸ்யூமே வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர் 'ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2' என்று இல்லாமல், என் பெயரும் வேலையும் வரும்படி இருக்கும். ஆடிட்டர் அதை அப்படியே முதலாளிக்கு ஃபார்வர்ட் செய்துவிடலாம்.