டபிள்யூடி பிளாக் எஸ்என்770: கேமிங் லேப்டாப்பின் இரண்டாவது ஸ்லாட்டுக்கு

கேம் போட இடம் பத்தாதவர்கள், லேப்டாப்புக்குள் மாட்டும் இந்த எஸ்எஸ்டி சேமிப்பு டிரைவின் 1 டிபி மாடலைத் தாராளமாக வாங்கலாம். நொடிக்கு 5,150 எம்பி வரை படிக்கும். முந்தைய தலைமுறை ஜென்3 ஸ்லாட்டில் சுமார் 3,500-தான், ஆனால் கேம் லோடாவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. டிராம் (டிரைவுக்குள் வைக்கும் தற்காலிக நினைவகச் சிப்) இல்லாததும் கேம்களுக்குக் குறையே இல்லை. சாட்டா (பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறை) மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டில் இது வேலை செய்யாது, வாங்குமுன் அதைப் பாருங்கள்.

மாட்டுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் முழுக்க உள்ளே போனபிறகே அழுத்தி ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மூடினால் சூடேறி வேகம் விழும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விண்டோஸில் டிரைவ் தெரியாவிட்டால் பதற வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையைக் கொடுத்து இனிஷியலைஸ் செய்து, விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்யுங்கள்.